திணையாக வரும் நோய், துறையாகப் பார்க்கும் மருத்துவம்: நெய்வேலியிலிருந்து சில குறிப்புகள்

1

உலக சுகாதார நிறுவனம் 2010ல் ஒரு சட்டகத்தை வெளியிட்டது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகத்தார், சுகாதார ஆய்வாளர் என்று தனித்தனியே வளர்க்கப்படுகிறவர்களை ஒன்றாகப் பயிற்றுவித்தால்தான் பின்னால் ஒன்றாக வேலை செய்வார்கள் என்பது அதன் சாரம். கூட்டுப் பயிற்சிக்கு அந்தப் பிரதி தரும் இலக்கணம் மூன்று சிறு சொற்களில் நிற்கிறது. ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. தமிழில் வேற்றுமை உருபுகளுக்கும் சொல்லுருபுகளுக்கும் அடங்கிப் போகிற சமாச்சாரம். ஆனால் இந்தப் பிரச்சினையின் அரசியல் முழுக்க இந்த உருபுகளில்தான் ஒளிந்திருக்கிறது.

'பற்றி'க் கற்பதில் யாருக்கும் சிரமம் கிடையாது. அதிகாரம் எப்போதும் மற்றவர்களைப் பற்றித்தான் கற்றுவருகிறது. காலனிய ஆட்சியின் கெஜட்டியர்கள் எல்லாம் அப்படிக் கற்றவைதான். 'ஓடு' கற்பதும் லேசு. ஒரே பந்தலில் நாற்காலி போட்டு, ஒரே நேரத்தில் டீ கொடுத்தால் முடிந்தது. 'இடமிருந்து' என்பதுதான் தொந்தரவான சொல். மருத்துவர் செவிலியரிடமிருந்து, செவிலியர் தன்னார்வலரிடமிருந்து, இவர்கள் எல்லோரும் நோயாளியிடமிருந்து என்று அது கீழே இறங்க ஆரம்பித்தால் படிநிலை ஆட்டம் காணும். அதனால்தான் நம் ஊர்ப் பயிற்சி முகாம்களில் முதல் உருபும் மூன்றாம் உருபும் பேனரில் ஏறுகின்றன. நடுவில் இருப்பது காணாமல் போய்விடுகிறது.

இன்னொரு சொல்லையும் கவனிக்கலாம். 'துறைகளுக்கிடையிலான ஒத்துழைப்பு' என்கிறோம். துறை என்றால் என்ன? ஆற்றில் இறங்குகிற இடம். ஒரே ஆறு, பல துறைகள். ஊர்ச்சனம் இறங்கும் துறை வேறு, சேரிச்சனம் இறங்கும் துறை வேறு, வண்ணார் துறை வேறு என்று ஆற்றைப் பங்கிட்டுவைத்த சமூகம் நம்முடையது. தண்ணீருக்குப் பிரிவினை தெரியாது. இறங்குகிற படிக்கட்டுக்குத் தெரியும். நவீன அரசு தன் அலுவலகங்களுக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் அதில் ஒரு உண்மை படிந்திருக்கிறது.

பழைய கவிதையியலில் துறைக்கு மேலே திணை என்று ஒன்று உண்டு. திணை என்பது நிலமும் பொழுதும், உணவும் மரமும் விலங்கும், அங்கே வாழும் மனிதர் செய்யும் தொழிலும் சேர்ந்த ஒரு முழுமை. இவற்றிலிருந்து ஒன்றைத் தனியே பிய்த்தெடுத்து அர்த்தம் சொல்ல முடியாது. நோயும் அப்படித்தான் வருகிறது என்பது என் வாதம். மூச்சும் தண்ணீரும், கூலியும் வீட்டின் கூரையும் ஒன்றாகச் சேர்ந்து அது திணையாக வருகிறது. நாம் அதைத் துறையாகப் பிரித்து மருத்துவம் பார்க்கிறோம். இந்த முரணைத் தெளிவாக வாசிக்கத் தோதான ஊர் தமிழ்நாட்டில் நெய்வேலி.

2

நெய்வேலி ஒரு கட்டமைக்கப்பட்ட ஊர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது என்பது அதன் தோற்றக் கதை. 1956ல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தில் 1962லிருந்து மின்சாரம். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர வெட்டுப்பொறிகள். இந்த வரலாற்றைப் பாடப்புத்தகங்கள் தேச நிர்மாணம் என்கிற பெருங்கதையாடலுக்குள் வைத்துச் சொல்லிவிட்டன. 2016ல் நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதல் அனல்மின் நிலையம் 2020ல் மூடப்பட்டது. சுரங்கம் மட்டும் விரிந்துகொண்டே போகிறது.

பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்கல். கீழே பெரும் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் தண்ணீரை இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை உடையாமல் நிற்கும். அதாவது, மேலே இருக்கும் மணலைத் தூசியாகக் கிளப்பாமலும் கீழே இருக்கும் நீரை வெளியேற்றாமலும் இங்கே ஒரு டன் கரிகூட எடுக்க முடியாது. காற்றும் தண்ணீரும் இந்தத் தொழிலின் பக்க விளைவுகள் அல்ல, அதன் உள்ளுறுப்புகள்.

சரி, இந்தத் தூசியை யார் பார்க்கிறார்கள்? சுரங்கத்துக்குள் பறந்தால் அது 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்குள் வந்தது. தன்பாத்தில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் கணக்கு. அனல்மின் நிலையத்துக்குள் பறந்தால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கொதிகலன் என்றால் 1923ஆம் ஆண்டின் சட்டம், அதற்கு ஒரு தனி இயக்குநரகம். மதிலைத் தாண்டிப் பறந்தால் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். மதிலுக்கு வெளியே ஒரு கிராமத்துக் கிழவியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தால் பொதுச் சுகாதாரத்துறையின் ஆரம்ப சுகாதார நிலையம். தூசி ஒன்று, விலாசம் ஐந்து.

கொதிகலன் சட்டத்துக்குப் பதில் 2025ல் புதுச் சட்டம் வந்தது. சுரங்கச் சட்டமும் தொழிற்சாலைகள் சட்டமும் 2020ல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டங்கள் ஒன்றானதால் கண்கள் ஒன்றாகிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. அறுபது எழுபது வருஷம் தனித்தனிப் படிக்கட்டில் இறங்கிப் பழகிய கால்கள் இவை.

பூக்கோ 1974ல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் சமூக மருத்துவம் மூன்று வழியாகப் பிறந்தது என்கிறார். ஜெர்மனியில் அரசின் மருத்துவமாக. பிரான்சில் காற்று, நீர், கழிவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் நகர மருத்துவமாக. இங்கிலாந்தில் உழைப்புச் சக்தியையும் ஏழைகளையும் கண்காணிக்கும் மருத்துவமாக. ஐரோப்பாவில் நாடு நாடாகப் பிரிந்து கிடந்த இந்த மூன்றும் நெய்வேலியில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. அகலமான சாலை, வரிசை மரம், எண் போட்ட வட்டங்கள் என்று அமைந்த டவுன்ஷிப் நகர மருத்துவத்தின் கனவு. குறித்த கால இடைவெளியில் தொழிலாளியை மருத்துவப் பரிசோதனைக்கு நிறுத்தும் ஏற்பாடு, நிரந்தர ஊழியர் குடும்பங்களை முதன்மையாக வைத்து எழுந்த நிறுவன ஆஸ்பத்திரி, மற்றவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. ஆகியவை உழைப்புச் சக்தியின் மருத்துவம். மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்ட வழியில் வந்த அரசு மருத்துவம். மூன்றும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. ஒன்றின் பதிவேட்டை மற்றது வாசிப்பதற்குத்தான் வழி கிடையாது.

3

இதை ஒரு இருமலை வைத்து யோசிக்கலாம். இருபது வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒருவருக்கு ஐம்பது வயதில் விடாத இருமல் என்று வைத்துக்கொள்வோம். இந்த இருபது வருஷத்தில் அவர் நாலைந்து ஒப்பந்தக்காரர்களிடம் மாறியிருப்பார். கொஞ்ச காலம் சுரங்கம், கொஞ்ச காலம் சாம்பல் கையாளும் இடம், இடையில் வேலை இல்லாத மாதங்களில் கட்டட வேலை. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்குள் சுரங்கம் வரவில்லை. ஆக, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றபோது அவர் ஒரு சட்டத்தின் ஆள், அந்தப் பக்கம் நின்றபோது இன்னொரு சட்டத்தின் ஆள்.

சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி மருத்துவர் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. சுரங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி சுரங்கத் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. ஒரே நுரையீரல், இரண்டு கடிதங்கள். எந்த வேலையால் எந்தப் பங்கு கெட்டது என்று நுரையீரல் பிரித்துக் காட்டுமா என்ன? கடைசியில் அவர் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போவார். அங்கே மருத்துவருக்குக் கையில் இருக்கும் கருவி சளிப் பரிசோதனை. காசநோயும் 2012லிருந்து அறிவிக்கப்பட வேண்டிய நோய்தான். அதற்குப் படிவம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, இலக்கு இருக்கிறது. சிலிக்கா தூசி தங்கிய நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். ஆனாலும் கிருமி பதிவாகும், தூசி பதிவாகாது. நோய்க்குப் பெயர் சூட்டும் இந்தத் தருணத்தில்தான் ஒரு தொழிலின் வரலாறு அழிக்கப்படுகிறது. கிருமி யாருடைய சொத்தும் இல்லை. தூசிக்கு உரிமையாளர் உண்டு.

பெர்னார்டினோ ராமாஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700ல் தொழிலாளர்களின் நோய்கள் குறித்து எழுதிய நூலில், ஹிப்போக்ரடீஸ் காலத்திலிருந்து நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை பார்க்கிறாய்? முந்நூறு வருஷம் தாண்டிவிட்டது. நான் பார்த்த ஓ.பி. சீட்டுகளில் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஊர் எல்லாம் இருந்தன. வேலைக்குக் கட்டம் இல்லை.

இங்கே ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த மாவட்டம், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியது. பல துறைகளை ஒன்றாக உட்காரவைத்த கூட்டுப் பயிற்சி. முன்வரிசையில் மருத்துவர்கள், அதற்குப் பின்னால் பொறியாளர்கள், அப்புறம் செவிலியர்கள், கடைசியில் சுவரோரம் தன்னார்வப் பெண்கள். பேசியவர் சுவாச நோய்களின் காரணங்களைப் படம் போட்டு விளக்கினார். பீடி, அடுப்புப் புகை, கொசுவத்திச் சுருள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், எங்க தெருவுல காத்து திரும்புற மாசத்துலதான் பிள்ளைங்களுக்கு இழுப்பு வருது. அடுப்பு வருஷம் பூரா எரியுது, இழுப்பு மட்டும் ஏன் அப்ப வருது?" என்றார். கூடம் கொஞ்சம் சிரித்தது. "நல்ல கேள்விம்மா, கடைசில பாக்கலாம்" என்று பதில் வந்தது. கடைசியில் நன்றியுரைதான் வந்தது. அந்தப் பெண் கேட்டது ஒரு நேர்த்தியான நோய்ப்பரவலியல் கேள்வி. மாறாத ஒன்று எப்படி மாறுகிற ஒன்றுக்குக் காரணமாக முடியும் என்பது அதன் வடிவம். முன்வரிசையில் யாராவது அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஆய்வுத் தலைப்பாகியிருக்கும்.

4

ஒத்துழைப்புக்கு இன்னொரு வடிவம் ஒத்திகை. 1984ல் போபால் நடந்த பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்று ஒரு புது அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆபத்துகளைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும், அவசர காலத் திட்டம் வேண்டும், தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அவரே பார்க்க வழி வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அபாயகரமான வேதிப்பொருள்கள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகள் மதிலுக்கு வெளியேயான அவசரத் திட்டத்தையும் ஒத்திகையையும் கொண்டுவந்தன. தீயணைப்பு, போலீஸ், ஆஸ்பத்திரி, வருவாய்த்துறை எல்லாம் ஒரு நாள் ஒன்றாக ஓடிவரும் காட்சி தொழிற்பேட்டைப் பகுதிகளில் பலரும் பார்த்ததுதான்.

ஒத்திகையை ஒரு நிகழ்த்துகலையாக வாசித்தால் ஒன்று புலப்படும். அதில் எல்லோருக்கும் வசனம் உண்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரைத் தவிர. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். அதுதான் அவருக்குத் தரப்பட்ட பயிற்சி. நம் தென்னாற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருத்தன் வருவான். ராஜாவையே நிறுத்தி, "யோவ், நீ யாரு? எதுக்கு வந்த?" என்று கேட்பான். கூத்து நின்றுவிடாது, அவன் கேட்பதால்தான் நகரும். ஒத்திகையில் கட்டியங்காரன் கிடையாது. 'இந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கிறது, நேற்று ஷிப்டில் வந்த புது ஆளுக்கு இந்த வழி தெரியுமா' என்று கேட்க யாரும் எழுதப்படவில்லை.

2020 ஜூலை 1ல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் கொதிகலன் வெடித்தது. ஆறு பேர் அன்றே செத்தார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்த நாட்களில் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிகள். அதே நிலையத்தில் இரண்டு மாதம்கூட ஆகாத முன்பு, மே 7ல், இன்னொரு விபத்து நடந்து சாவுகளும் விழுந்திருந்தன. கொதிகலனுக்கு ஒரு துறை, ஆலைக்கு ஒரு துறை, சாவுக்குப் போலீஸ், நிவாரணத்துக்கு வருவாய்த்துறை. முதல் விபத்து ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு ஆவணம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாடமாகப் படிக்கவும், அதை அடுத்த ஷிப்டில் போகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவர் மொழியில் சொல்லவும் ஐம்பத்தைந்து நாள் போதவில்லை என்றால், குறை எந்த ஒரு துறைக்குள்ளும் இல்லை; துறைகளுக்கு நடுவே இருக்கிறது. நடுவே இருப்பதை விசாரிக்க எந்த அதிகாரிக்கும் பதவி கிடையாது.

5

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரச் சாதனைகளை மறுப்பது என் நோக்கமில்லை. இந்தியாவில் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சிகிச்சை மருத்துவத்திலிருந்து பிரித்து, நோய்த்தடுப்புக்கென்றே தனி இயக்குநரகமும் அதற்கென்று பயிற்சி பெற்ற அலுவலர்களும் வைத்திருப்பது இந்த மாநிலத்தின் பெருமை. கிராம சுகாதார செவிலியர்களின் காலில்தான் தாய் சேய் மரணங்கள் குறைந்தன. இவர்களின் உழைப்பைக் கொச்சைப்படுத்தும் விமர்சனம் எதுவும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் லாபமாக முடியும்.

ஆனால் பயிற்சி பற்றிய நம் சிந்தனை எப்படி வளர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1946ன் போர் குழு சமூகத்தை வாசிக்கத் தெரிந்த மருத்துவர்களை உருவாக்கச் சொன்னது. 1973ன் கர்தார் சிங் குழு, மலேரியாவுக்கு ஒருத்தர், அம்மைக்கு ஒருத்தர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருத்தர் என்றிருந்த ஊழியர்களைப் பல்நோக்கு ஊழியராக்கச் சொன்னது. அதாவது ஒத்துழைப்பை அடிமட்டத்தில் ஒரே உடம்புக்குள் திணித்தது. மேலே துறைகள் பிரிந்தே இருக்க, கீழே ஒரு பெண் மட்டும் எல்லாத் துறையாகவும் ஆனாள். 1978ன் அல்மா ஆட்டா பிரகடனம் விவசாயம், உணவு, தொழில், கல்வி, வீட்டுவசதி என்று சுகாதாரத்தோடு கைகோக்க வேண்டிய துறைகளை வரிசைப்படுத்தியது. அந்த வரிசையில் தொழில்துறை ஒரு கூட்டாளியாக வருகிறது. நெய்வேலி மாதிரி ஊரில் கூட்டாளியே காரணமாகவும் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த உன்னதமான பிரதியிடம் பதில் இல்லை. 'ஒத்துழைப்பு' என்ற சொல் முரண்பாட்டை முன்கூட்டியே தீர்த்துவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது.

2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுபோகிறது. நடக்க முடியாத வயோதிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வாங்குகிறவர்களிடம் கேட்டால்தான் தெரியும். 2024 ஜனவரியில் அதன் தொடர்ச்சியாகத் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்தது. ஆலை வாசலுக்கே சுகாதாரத்துறை போவது முக்கியமான அடி. ஆனால் அங்கே போய் எதை அளக்கிறது? முதன்மையாக ரத்த அழுத்தம், சர்க்கரை. இவை அளக்கப்பட வேண்டியவைதான். இருந்தும், தொழிலிடத்துக்கே போன மருத்துவம் தொழிலைப் பார்க்காமல் தொழிலாளியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. நோய் அவருடைய உப்பில், சோற்றில், பீடியில் இருக்கிறது. அவர் நிற்கும் இடத்தில் இல்லை. தேடிப்போவது அவ்வளவு தூரம் போய்விட்டு, கடைசி பத்தடியில் நின்றுவிடுகிறது.

மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் 'தத்தெடுக்கும்' திட்டம் அண்மையில் பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. சொல்லைக் கவனியுங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை அறுபது வயது விவசாயியைத் தத்தெடுக்கிறது. 'இடமிருந்து' என்ற உருபு இங்கே எப்படி நுழையும்?

6

இங்கே நண்பர்கள் ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும். பூக்கோவைப் படித்துவிட்டுத் துறைகளை ஒன்றாக்கச் சொல்வது முரண் இல்லையா? ஐந்து துறையும் தனித்தனியாக இருப்பதே நல்லது. ஒன்றானால் அது ஐந்து கண் கொண்ட ஒரே பூதமாகிவிடும் என்று. இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பரிசோதனையில் 'அன்ஃபிட்' என்று வந்தால் மறுநாள் கேட்பாஸ் இருக்காது என்ற பயத்தில் இருமலை அடக்கிக்கொண்டு நிற்கும் தொழிலாளிக்கு, தன் எக்ஸ்ரே எத்தனை மேஜைக்குப் போகிறதோ அத்தனை ஆபத்து. துறைகள் பேசிக்கொள்ளாமல் இருக்கும் அந்த இடைவெளியில்தான் அவருடைய கூலி பிழைத்துக் கிடக்கிறது. ஆகவே ஒத்துழைப்பு என்பது தன்னளவில் நல்லது ஒன்றும் இல்லை. அறிவு யாரிடம் போய்ச் சேருகிறது, நோய் என்று தெரிந்தபின் வேலைக்கும் நஷ்டஈட்டுக்கும் யார் பொறுப்பு என்பதை வைத்துத்தான் அது கண்காணிப்பா, பராமரிப்பா என்று சொல்ல முடியும்.

இதற்கு வேறு மாதிரிகள் இல்லாமல் இல்லை. நெய்வேலியிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் கடலூர் சிப்காட். 2004ல் அங்கே ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமத்தவர்கள், 'தி அதர் மீடியா' போன்ற அமைப்புகளின் துணையோடு, தாங்கள் சுவாசிக்கும் காற்றைத் தாங்களே மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்றார்கள். ஒரு வாளி, அதற்குள் ஒரு விசேஷப் பை, உறிஞ்சும் அமைப்பு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைச் சுற்றி வாழ்ந்தவர்களிடம் உருவான எளிய தொழில்நுட்பம். எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன வாடை என்று நோட்டில் குறித்தார்கள். அழுகிய முட்டை, பழ வாசனை, மருந்து நெடி என்று மூக்கின் மொழியிலேயே குறிப்பு. ஆய்வகம் அந்த மொழியை வேதிப்பெயர்களாக மொழிபெயர்த்தது. பல நச்சு வாயுக்கள் இருப்பது வெளியே தெரிந்தது. உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு வரைக்கும் விஷயம் போனது. மேலே சொன்ன கடைசி வரிசைப் பெண்ணின் கேள்வி இங்கே கருவியோடு நிற்கிறது. நிபுணர் இல்லாமல் போகவில்லை, ஆனால் அவர் மொழிபெயர்ப்பாளராக இடம் மாறியிருக்கிறார்.

இரண்டாவது, சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹரா. நெய்வேலியைப் போலவே பொதுத்துறைச் சுரங்க ஊர். பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது தரும் ஊர். அங்கேயும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு ஆஸ்பத்திரி, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை என்ற நிலை. சங்கர் குஹா நியோகி தலைமையிலான ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் 1977 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் நினைவாக 1983ல் சொந்தமாக ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டியது. பெயர் சஹீத் மருத்துவமனை, தியாகிகளின் மருத்துவமனை. சுரங்கத் தொழிலாளிகளே சுகாதார ஊழியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். மருத்துவர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அவர்களிடமிருந்து சுரங்கத்தைக் கற்றுக்கொண்டார்கள். நியோகி 1991ல் சுட்டுக்கொல்லப்பட்டார், ஆஸ்பத்திரி சாகவில்லை. நமது இடதுசாரிச் சங்கங்கள் போனஸுக்கும் பணி நிரந்தரத்துக்கும் நடத்திய போராட்டங்கள் மதிப்புக்குரியவை. ஆனால் நுரையீரலை ஒரு கோரிக்கையாக எழுத அவை இன்னும் பயில வேண்டியிருக்கிறது.

நெய்வேலியிலும் ஒரு தொடக்கம் உண்டு. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளின் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து, வீடுகளில் மக்களின் உடல்நலத்தையும் விசாரித்து ஒரு அறிக்கை தந்தார்கள். அனுமதித்த அளவைத் தாண்டிப் பாதரசம் உள்ளிட்டவை இருந்ததாக அது சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஜூலையில், வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நேரத்து நெல்வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகம் பார்த்தது. வயலும் கிணறும் நெஞ்சும் ஒரே திணை என்பதை அந்த வருஷம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

7

சுரங்கத்துக்கு மிக அருகில்தான் வடலூர் இருக்கிறது. 1867ல் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கினார். பசியை அவர் பிணி என்றார். மணிமேகலைக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கும் சொல்தான் பசிப்பிணி. ஆனால் பஞ்சங்கள் அரசியல் பொருளாதாரத்தால் உண்டான பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூலிகைகளின் குணங்களைப் பட்டியலிட்டு எழுதத் தெரிந்த ஒருவர், பசியைப் பிணி என்று அறுதியிட்டு அதற்கு மருந்தாக அடுப்பை மூட்டியது ஒரு கோட்பாட்டுச் செயல். உணவுத்துறையையும் மருத்துவத்துறையையும் அவர் 'ஒருங்கிணைக்கவில்லை'. அந்தப் பிரிவையே ஏற்கவில்லை. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பக்தியின் பக்கத்திலிருந்து மட்டும் வாசித்து இதை நாம் வீணடித்துவிட்டோம்.

அப்படியானால் நெய்வேலியில் ஒரு கூட்டுப் பயிற்சி எங்கே தொடங்கலாம்? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், ஈ.எஸ்.ஐ. மருத்துவர், நிறுவன ஆஸ்பத்திரி மருத்துவர், சுரங்கப் பாதுகாப்பு அலுவலர், மாசுக்கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர், கிராம சுகாதார செவிலியர், இவர்களோடு ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், நிலம் கொடுத்த கிராமத்துப் பெண் ஒருவர். பாடம் எடுப்பது கடைசி இருவரில் ஒருவர். பாடப்பொருள் அவர் செய்யும் வேலையும் குடிக்கும் தண்ணீரும். வகுப்பின் முடிவில் சான்றிதழ் வேண்டாம், ஓ.பி. சீட்டில் ஒரு கட்டம் போதும்: என்ன வேலை, எங்கே, எத்தனை வருஷம். அந்தக் கட்டத்தை நிரப்பியதற்காக யாருக்கும் வேலை போகாது என்று ஒரு உத்தரவு. நிரப்பிய தாளின் ஒரு பிரதி நோயாளியின் கையில்.

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பத் தொடங்கினால் இருமல்கள் தெருவாரியாக, ஷிப்ட்வாரியாக, ஒப்பந்தக்காரர்வாரியாக வரிசையில் வந்து நிற்கும். அப்போது தூசிக்கு விலாசம் தெரிந்துவிடும். அந்தக் கட்டம் இதுவரை காலியாக இருப்பதை நான் மறதி என்று வாசிக்கவில்லை.